தலைவரிடம் வந்து சேரும் கனம்: மட்டக்களப்பில் ஓர் உளநலக் குழு பற்றிய நிகழ்வு ஆய்வு

உளநலக் குழு ஒன்றுக்குப் பொறுப்பாக இருப்பவர் மாலையில் வீடு திரும்பும்போது தன்னோடு எடுத்துச் செல்லும் சோர்வு, எரிச்சல், தன்னால் எதுவும் ஆகாது என்ற எண்ணம் ஆகியன அவருடைய சொந்தப் பலவீனமாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன. அவரும் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறார். இந்த நிகழ்வு ஆய்வு வேறொரு வாசிப்பை முன்வைக்கிறது. அவ்வுணர்வுகளில் கணிசமான பங்கு நோயாளரிடமும் அவர்களது குடும்பங்களிடமும் தொடங்கி, தாதியர் வழியாகவும் வெளிக்கள உத்தியோகத்தர் வழியாகவும் மேலேறி வந்து தலைவரிடம் தங்கிவிடுவது. அவற்றை எடுத்துப் பார்த்து, சொல்லக்கூடிய சொற்களாக்கி, செய்யக்கூடிய வேலையாகக் குழுவிடமே திருப்பிக் கொடுப்பதுதான் இத்துறையில் தலைமைத்துவத்தின் மையப் பணி என்பது எனது கருத்து.

இங்கு விவரிக்கப்படுவது ஒரு தனி வைத்தியசாலையின் கதையன்று. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் குழு மேற்பார்வைக்காகச் சென்றுவந்த காலத்தில் கண்ட நிலைமைகளை ஒன்றிணைத்து, ஆட்களின் அடையாளங்களையும் சம்பவங்களின் வரிசையையும் மாற்றி எழுதியிருக்கிறேன். நோயாளர் எவரையும் ஊழியர் எவரையும் இதிலிருந்து இனங்காண இயலாது.

பின்னணி

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கையின் உளநலச் சேவை கொழும்பை விட்டு மாவட்டங்களை நோக்கி நகர்வது வேகம் பெற்றது. 2005இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேசிய உளநலக் கொள்கையும் அத்திசையிலேயே அமைந்தது. கிழக்கில் அந்த நகர்வு நிகழ்ந்த காலம் போர் முடியாத காலம். இந்த மாவட்டத்தில் சண்டை ஓய்ந்தது 2007இல்தான். எனவே இங்குள்ள உளநலக் குழுக்கள், தாமே இழப்புகளைச் சுமந்தவர்களைக் கொண்டு, இழப்புகளைச் சுமந்தவர்களுக்காக உருவாக்கப்பட்டவை. கடலில் பிள்ளையைக் கொடுத்த தாதியும், 1990இல் தமையனைப் பறிகொடுத்த சாரதியும், இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் தங்கிப் படித்து முன்னேறிய உளசமூகப் பணியாளரும் ஒரே மேசையில் இருந்து நோயாளரின் கோவைகளைப் பார்க்கிறார்கள். தமிழரும் முஸ்லிம்களும் அந்த மேசையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இதை மறந்துவிட்டு இக்குழுக்களின் தலைமைத்துவத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

நமது குழு ஓர் ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. சிறிய உள்நோயாளர் விடுதி, வாரத்தில் குறித்த நாட்களில் கிளினிக், வாவிக்கு அப்பால் படுவான்கரைக் கிராமங்களுக்கான வெளிக்களச் சேவை என்பன அதன் வேலைகள். பொறுப்பில் ஓர் உளநல மருத்துவ உத்தியோகத்தர் இருந்தார். அவருக்குக் கீழே அனுபவம் மிக்க தாதிய சகோதரி, தாதிய உத்தியோகத்தர்கள், ஒரு சமூக உளநலத் தாதி, உளசமூகப் பணியாளர்கள், சிற்றூழியர்கள். உளநல மருத்துவ நிபுணர் வேறு நிலையத்திலிருந்து வந்துபோவார். அறுவடை தொடங்கியதும் கிளினிக்குக்கு வருவோர் தொகை குறைவதும், மருந்தைத் தவறவிட்டவர்கள் வேளாண்மை வெட்டி முடிந்த பின் நிலை மோசமாகி வந்து சேர்வதும் அங்கு ஆண்டுதோறும் நிகழ்வன.

தலைமை மாற்றமும் ஒரு மரணமும்

நீண்ட காலம் பொறுப்பிலிருந்த வைத்தியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவர் எல்லாவற்றையும் தாமே தீர்மானித்தவர். நள்ளிரவிலும் தொலைபேசியை எடுத்தவர், ஊழியர் வீட்டுக் கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் போனவர். அவருடைய பிரியாவிடை விருந்து சிறப்பாக நடந்தது. ஆயினும் அவர் போவதைப் பற்றிக் குழு ஒருநாளும் இருந்து பேசவில்லை. அவருடைய இடத்துக்கு அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊரொன்றைச் சேர்ந்த, நாற்பது வயதை எட்டாத பெண் வைத்தியர் வந்தார். முதல் வாரங்களில் அவருக்குக் கிடைத்த மரியாதை குறைவற்றது. ஆனால் தாதிய சகோதரி முக்கியமான விடயங்களில் முந்தைய வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிட்டே இவரிடம் வருகிறார் என்பது சில காலத்தில் தெரிந்தது.

அவ்வாண்டு பெரும்போக அறுவடை முடியும் தறுவாயில், விடுதியிலிருந்து நலமடைந்து வீடு சென்றிருந்த படுவான்கரை விவசாயி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கடும் மனச்சோர்வுக்காகச் சிகிச்சை பெற்றவர் அவர். ஒரு கிளினிக் நாளைத் தவறவிட்டிருந்தார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னர் சமூக உளநலத் தாதி அவருடைய வீட்டுக்குச் சென்று பார்த்துவிட்டு வந்திருந்தார்.

தற்கொலை இந்நாட்டுக்குப் புதிதன்று. 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற அளவுக்கு உயர்ந்திருந்த அதன் வீதம், நச்சுத்தன்மை கூடிய விவசாயக் கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்டதைத் தொடர்ந்து பெருமளவு குறைந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்டிருந்த சட்டம் 1998இல் நீக்கப்பட்டது. இவற்றைக் குழுவில் எல்லோரும் அறிவர். அறிந்திருப்பது ஒன்று, தம் கையால் மருந்து எடுத்துக் கொடுத்த ஒருவர் இறந்துபோவது வேறொன்று.

அடுத்து நடந்தவை கவனிக்கத் தக்கவை. விடுவிப்புப் படிவம் நீண்டது. ஒரு கையொப்பம் போதுமாக இருந்த இடத்தில் மூன்று கையொப்பங்கள் கேட்கப்பட்டன. நோயாளர் ஒருவரை மாலையில் வெளிமுற்றத்துக்கு அழைத்துச் செல்லலாமா என்பது வரையான கேள்விகள் வைத்தியரின் தொலைபேசிக்கு வந்தன. குழுவின் வட்ஸ்அப்பில் நோயாளரின் பெயர்கள் மறைந்து கட்டில் இலக்கங்கள் மட்டும் எஞ்சின. சமூக உளநலத் தாதியிடம் எவரும் கடிந்துகொள்ளவில்லை, ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அவர் வந்தபோது பேச்சு நின்றது. இறந்தவருடைய மனைவியைப் போய்ப் பார்க்க எவரும் முன்வரவில்லை. “போறதா, விடுறதா எண்டு நீங்கதான் டொக்டர் சொல்லணும்” என்று அதுவும் வைத்தியரிடமே விடப்பட்டது.

இதை எப்படி வாசிப்பது

லண்டன் போதனா வைத்தியசாலை ஒன்றின் தாதிய சேவையை ஆராய்ந்த இசபெல் மென்சிஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1960ஆம் ஆண்டளவில் எழுதியவற்றை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நோயும் மரணமும் நாள்தோறும் எழுப்பும் பதற்றத்திலிருந்து தாதியரைக் காப்பதற்காக, நிறுவனமே தனக்கென்று தற்காப்பு முறைகளை வளர்த்துக்கொள்கிறது என்பது அவருடைய முடிவு. நோயாளரை முழு மனிதராகப் பார்க்க இயலாதவாறு வேலையைத் துண்டுதுண்டாக்குதல், பெயருக்குப் பதிலாகக் கட்டிலையோ உறுப்பையோ சொல்லுதல், ஒரே விடயத்தை மீண்டும் மீண்டும் சரிபார்த்தல், பொறுப்பை மேல்நோக்கித் தள்ளுதல் என அவர் கண்டவை அனைத்தும் நமது ஆதார வைத்தியசாலையில் சில வாரங்களுக்குள் தோன்றின. இவற்றால் பதற்றம் தீர்வதில்லை, தள்ளிப்போகிறது, வேலையில் கிடைக்கும் நிறைவும் சேர்ந்தே போய்விடுகிறது என்பதே அந்த ஆய்வின் கனமான பகுதி. அங்கு பயிற்சியில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதை முடிக்காமல் விலகினர். பொறுப்பை உணரும் திறமையுள்ளவர்களே அவ்வாறு போனார்கள் என்று அவர் கருதினார்.

உளப்பகுப்பாய்வாளர் வில்பிரட் பயன் (Bion) சொன்னதும் இங்கு உதவுகிறது. வட இந்தியாவின் மதுராவில் 1897இல் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவ வைத்தியசாலை ஒன்றில் குழுக்களோடு வேலை செய்தவர் அவர். எந்தக் குழுவிலும் இரண்டு மனங்கள் ஒரே நேரத்தில் இயங்குகின்றன என்றார். ஒன்று வேலையைச் செய்ய முனையும் மனம். மற்றையது பதற்றத்திலிருந்து தப்ப முனைவது. அது சில வேளைகளில் எல்லாம் அறிந்த ஒருவரிடம் சார்ந்துகொள்கிறது. சில வேளைகளில் எதிரி ஒருவரைக் கண்டுபிடித்துச் சண்டையிடுகிறது, அல்லது ஓடுகிறது. வேறு சில வேளைகளில் இனி வரப்போகும் ஏதோவொன்று எல்லாவற்றையும் சரியாக்கிவிடும் என்ற நம்பிக்கையில் காத்திருக்கிறது.

முந்தைய வைத்தியரின் காலம் சார்ந்திருத்தலின் காலம். படுவான்கரை வயல்களில் நிலவுடைமையாளரான போடியாருக்கும் அவருடைய வயலில் உழைத்த முல்லைக்காரருக்கும் இருந்த பழைய உறவைப் போன்றது அது. விதைநெல்லையும் படியையும் போடியார் கொடுப்பார், வயலின் நல்லது கெட்டதையும் அவரே சொல்வார், மற்றவர்கள் விசுவாசமாக உழைப்பார்கள். அந்த உறவில் அன்பும் பாதுகாப்பும் உண்மையாகவே இருந்தன என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவ்வாறு பழகிய குழு, பொறுப்பானவர் மாறியதும் தன் சொந்த அறிவையே இழந்துவிட்டதைப் போல நடந்துகொள்கிறது. இருபது வருட அனுபவமுள்ள தாதிய சகோதரி, முற்றத்துக்குப் போகலாமா என்று கேட்கிறார். அவருடைய திறமை எங்கும் போய்விடவில்லை. அது தலைவரிடம் வைப்பிலிடப்பட்டிருக்கிறது. புதிய தலைவரோ அந்த வைப்பின் கனத்தைத் தன்னுடைய தகுதியின்மை என்று எண்ணி, இன்னும் அதிகமான அழைப்புகளுக்குப் பதில் சொல்லத் தொடங்குகிறார். மரணத்தின் பின்னர் சார்ந்திருத்தலோடு எதிரி தேடலும் சேர்ந்துகொண்டது. விடுதிக்கு வெளிக்களம் எதிரியாயிற்று.

மூன்றாவது நிலையும் இடையில் தலைகாட்டிப் போனது. வெளிநாட்டு உதவியோடு புதிய கட்டடம் வரப்போகிறது, முழுநேர உளவியலாளர் வரப்போகிறார் என்ற பேச்சு எழுந்ததும் குழு திடீரென்று உற்சாகமாயிற்று. செய்ய வேண்டிய வேலைகள் யாவும் கட்டடம் வந்த பின்னர் என்றாயின. பின்னர் அப்பேச்சு தானாகவே ஓய்ந்தது.

விடுதியை இரண்டாக்கிய பெண்

இந்தச் சூழ்நிலையில் இருபதுகளின் தொடக்கத்திலிருந்த பெண் ஒருவர் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு அனுமதிக்கப்பட்டார். தந்தை 2007இல் காணாமற்போனபோது அவர் சிறுமி. தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், வருவதும் மீண்டும் போவதுமாக இருந்தார். அம்மம்மாவே வளர்த்தார். விடுதிக்கு வந்து சில நாட்களுக்குள் தாதியர் இரண்டு அணிகளாயினர். ஓர் அணிக்கு அவர் பாவம், அன்புக்கு ஏங்கும் பிள்ளை, அவருடைய இரகசியங்கள் “மிஸி, உங்களுக்கு மட்டும்தான்” என்ற முத்திரையோடு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. மற்ற அணிக்கு எல்லாம் நடிப்பு, கட்டிலை வீணாக்கும் ஆள், உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டியவர். வைத்தியரிடம் காலையில் முதல் அணியும் மாலையில் இரண்டாவது அணியும் வந்து முறையிட்டன. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தான் கல்நெஞ்சக்காரியாகவோ ஏமாளியாகவோ ஆகிவிடுவதாக அவர் என்னிடம் சொன்னார்.

உளப்பகுப்பாய்வாளர் மெலனி கிளைன் 1946இல் விளக்கிய, நல்லது ஒருபுறம் கெட்டது ஒருபுறம் என்று பிரித்துவிடும் பிளவாக்கமும், தன்னுள் தாங்க இயலாததை மற்றவரிடம் வைத்து, பின்வந்தோர் காட்டியது போல அவர் அதை உண்மையிலேயே உணருமாறும் செய்யும் புறத்தெறிதலும் இங்கு ஏட்டுச் சொற்களாக இல்லை. ஒருவர் காணாமற்போன பெற்றார், மற்றவர் விட்டுவிட்டுப் போய் இடையிடையே திரும்பி வரும் பெற்றார் என்ற அந்தப் பெண்ணின் உள்ளுலகம், இறுகப் பிடித்துக்கொள்ளும் தாதியராகவும் அனுப்பிவிடத் துடிக்கும் தாதியராகவும் விடுதியில் உருப்பெற்றிருந்தது. இதில் அந்தப் பெண் தந்திரம் எதுவும் செய்யவில்லை. குழுவுக்குள் ஏற்கனவே இருந்த பிளவு ஆயத்தமான மேடையாக இருந்தது, அவ்வளவே. ஆகவே “இவள் எங்களைப் பிரிக்கிறாள்” என்று குழு சொல்லும்போது, பாதிப் பொறுப்பை நோயாளர் தலையில் ஏற்றுகிறது என்பதைத் தலைவர் கவனிக்க வேண்டும்.

வைத்தியர் புதன்கிழமை பிற்பகல்களில் ஒரு மணித்தியாலக் கூட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். தொடக்கத்தில் அதில் நீண்ட மௌனங்களே இருந்தன. கோவைகள் வெளியே வைக்கப்பட்டன, தொலைபேசிகள் அணைக்கப்பட்டன, நேரம் வந்ததும் கூட்டம் முடிந்தது. நான் சென்றிருந்த ஒரு புதன்கிழமை தாதிய சகோதரி நேரடியாகவே சொன்னார்:

“எங்களுக்கு இந்தக் கதையெல்லாம் தேவையில்ல டொக்டர். அந்தப் பிள்ளைய வீட்ட அனுப்புறதா, வச்சிருக்கிறதா எண்டு சொல்லுங்க, நாங்க செய்றம்.”

வைத்தியர் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். “சிஸ்டர், நான் இப்ப ஒண்டச் சொன்னா இதுல அரைவாசிப் பேர் நிம்மதியாப் போவீங்க, அரைவாசிப் பேர் என்னில கோபமாப் போவீங்க. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ரெண்டு விதமான கவனிப்புத்தான் கிடைக்கும். முடிவ நான் எடுக்கிறன், அது என்ட பொறுப்பு. ஆனா அவவோட இருக்கிறபோது உங்களுக்கு என்ன நடக்குது எண்டு தெரியாம எடுக்கமாட்டன்.”

மூலையில் இருந்த இளைய தாதி ஒருவர், நெடுநேரம் தன் கைக்குட்டையை மடித்து விரித்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே பேசினார். “ராவைக்கு அவ அழத் தொடங்கினா என்னால தாங்க ஏலாது. ஊசியப் போட்டு அவ படுத்தாத்தான் எனக்கு மூச்சு வரும். அந்த ஊசி அவக்குப் போடுறனா, எனக்குப் போடுறனா எண்டு இப்ப யோசிக்கிறன்.”

பிரித்தானிய உளநல மருத்துவர் டொம் மெயின் 1957இல் எழுதியதும் இதைப் பற்றித்தான். ‘விசேட’ நோயாளர்களாகிவிட்ட சிலரைப் பற்றித் தாதியரோடு நீண்ட காலம் பேசியவர் அவர். தாதி தன் பொறுமையின் எல்லைக்கு வந்த தருணத்திலேயே தூக்கமருந்து கொடுக்கப்பட்டது என்பதை அந்தத் தாதியர் தாமே கண்டுகொண்டதை அவர் பதிவுசெய்தார். அந்தப் புதன்கிழமை இளைய தாதியின் சொற்களுக்குப் பின்னர் மற்ற அணியைச் சேர்ந்த ஒருவரும் வாய் திறந்தார். அந்தப் பெண்ணைப் பார்க்கும்போது தனக்கு வருவது கோபம்தான், அந்தக் கோபத்துக்காக வெட்கப்படுகிறேன் என்றார். நோயாளரிடம் வெறுப்பு எழுவது இத்தொழிலின் பகுதி என்றும், அது அறியப்படாமல் இருப்பதே ஆபத்து என்றும் 1949இலேயே பிரித்தானிய உளப்பகுப்பாய்வாளர் வின்னிகொட் எழுதிவிட்டார். எங்கள் தாதியக் கல்வியில் இன்னும் அதற்கு இடம் கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இரண்டு அணிகளும் ஒரே பெண்ணின் இரு பாதிகளை வைத்திருக்கின்றன என்பதை வைத்தியர் அதன் பின்னரே கூறினார். பின்பு முடிவெடுத்தார். விடுவிப்புத் திகதி முன்கூட்டியே அந்தப் பெண்ணுக்கு அறிவிக்கப்படும், காயப்படுத்திக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் கிளினிக்கில் குறித்த ஒருவர் குறித்த நாளில் அவரைச் சந்திப்பார், இரகசியம் எதுவும் ஒரு தாதியோடு மட்டும் நிற்காது என்பது அவரிடமே சொல்லப்படும்.

தலைவர் செய்த ஏனைய காரியங்கள்

கூட்டத்தைவிட முக்கியமானவை கூட்டத்துக்கு வெளியே நடந்தன என்று நினைக்கிறேன். முதலாவது, மரணம் பற்றிய நிர்வாக விசாரணையையும் குழுவின் பேச்சையும் அவர் ஒன்றோடொன்று கலக்க விடவில்லை. விசாரணை எழுத்தில் நடந்தது. அதில் யார் எப்போது எங்கே சென்றார் என்பது மட்டும் கேட்கப்பட்டது. புதன்கிழமைப் பேச்சில் எதுவும் எழுதப்படவில்லை. இந்தப் பிரிப்பு இல்லாத இடத்தில், மனந்திறக்கச் சொல்லும் அழைப்பு பொறி வைப்பதாகிவிடும்.

அடுத்தது வீடு. முப்பத்தொராம் நாள் சடங்கு கழிந்த பின்னர் அவர் சமூக உளநலத் தாதியை அழைத்துக்கொண்டு படுவான்கரைக்குச் சென்றார். தாதி அவ்வழி முழுவதும் ஏச்சு வாங்கத் தயாராகியே போனார். மனைவி பாய் விரித்து இருக்கச் சொல்லி, தேநீர் கொடுத்து, “மிஸி வருவா எண்டு பாத்துக்கிட்டிருந்தன்” என்றார். குற்றச்சாட்டு என்று குழு அஞ்சிக்கொண்டிருந்தது அந்த வீட்டில் இருக்கவில்லை. அது குழுவினுடைய சொந்தக் குற்றவுணர்வு, வாவிக்கு அக்கரையில் வைத்துப் பார்க்கப்பட்டது. அந்தப் பயணத்தை வைத்தியர் தனியே செய்திருந்தால் தாதிக்கு மன்னிப்புக் கொடுத்த போடியாராகியிருப்பார். தாதியை மட்டும் அனுப்பியிருந்தால் தண்டித்ததாகியிருக்கும். இருவருமாகச் சென்றதே சரியான செயல்.

அழைப்புகளைப் பொறுத்தவரை, எந்தத் தீர்மானம் தாதிய சகோதரிக்குரியது, எது சமூக உளநலத் தாதிக்குரியது, எதற்குத் தன்னை எந்நேரமும் எழுப்பலாம் என்பதை அவர்களோடு இருந்தே எழுதினார். பிறகு உரியதல்லாத அழைப்பு வந்தால் பதிலைச் சொல்லாமல், “நீங்க என்ன நினைக்கிறீங்க சிஸ்டர்?” என்று கேட்டுக் காத்திருந்தார். இது கேட்பதற்கு எளிது. தான் தேவைப்படாமல் போய்விடுவேனோ என்ற பயத்தைத் தலைவர் தாங்கிக்கொள்ள வேண்டியிருப்பதால் செய்வதற்குக் கடினம். படிவத்தின் புதிய பக்கங்களில் பெரும்பாலானவற்றை அவர் நீக்கினார். ஆனால் அறுவடைக் காலத்தில் தொடர்புகொள்ளக்கூடிய உறவினரின் தொலைபேசி இலக்கம் கேட்கும் வரியை வைத்துக்கொண்டார். பதற்றத்தில் பிறந்ததெல்லாம் பயனற்றது என்று கொள்வது, நனவிலி மனத்தின் இயக்கத்தைக் கொண்டு விளக்கும் உளவியக்கவியல் பேசுவோர் அடிக்கடி விடும் தவறு.

குழுவின் எல்லையில் நின்று வெளியோடு பேசுவதும் தலைவரின் வேலை. ஒரு தொகுதிக்கு அடிப்படைப் பணி ஒன்று உண்டு, அந்தப் பணிக்கும் வெளியுலகுக்கும் இடையிலான எல்லையைக் காப்பதே தலைமை என்று 1960களில் நிறுவனங்களின் இயக்கத்தை ஆராய்ந்த ஏ.கே. ரைஸ், எரிக் மில்லர் ஆகியோர் வகுத்துரைத்தனர். இரவில் ஒரு தாதியே விடுதி முழுவதையும் பார்க்கும் நிலையை வைத்திய அத்தியட்சகரிடம் எழுத்தில் கொண்டுசென்றதும், வெளிக்களத்துக்கு வாகனம் கேட்டு நச்சரித்ததும் இந்த வகையைச் சேர்ந்தவை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆள் பற்றாக்குறையை நனவிலி மனத்தின் கணக்கில் எழுதும் தலைவர் ஊழியரை ஏமாற்றுகிறார். களைத்துப்போன தாதிக்கு முதலில் தேவைப்படுவது இன்னொரு தாதி.

இவற்றையெல்லாம் அவர் தனியாகத் தாங்கவில்லை. வேறு மாவட்டத்திலுள்ள மூத்த நிபுணர் ஒருவருடன் ஒழுங்காகத் தொலைபேசியில் பேசிவந்தார். தலைவரிடம் வந்து சேர்வதை எடுத்து வைக்க அவருக்கும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாதபோது, வந்து சேர்ந்த கனம் வீட்டில் பிள்ளைகளிடம் போய் இறங்குகிறது.

எல்லைகள்

ஒரு புதன்கிழமை, ஆழிப்பேரலையில் மகனை இழந்த ஊழியர் ஒருவர் பேசத் தொடங்கி அடக்க இயலாமல் அழுதார். வைத்தியர் அவர் பக்கத்தில் போய் இருந்தார், எல்லோரும் மௌனமாக இருக்க இடம் கொடுத்தார். ஆனால் அந்தக் கதைக்குள் மேலும் கேள்வி கேட்டுப் போகவில்லை. பின்னர் தனியாகக் கதைத்து, குழுவுக்கு வெளியே உளவளத்துணை ஒன்றுக்கு வழி செய்தார். குழுக்கூட்டம் ஊழியருக்கான சிகிச்சையாகிவிடக் கூடாது. நாளைக்கு வேலை வாங்க வேண்டிய தலைவர், இன்று அவருடைய புண்ணைத் திறந்து பார்ப்பவராக இருக்க இயலாது.

இன்னொரு மௌனம் இருந்தது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது குழுவில் எல்லோருக்கும் நினைவில் இருந்தது. அதன் பின்னான மாதங்களில் முஸ்லிம் ஊழியர்கள் பேருந்திலும் கடைகளிலும் எதிர்கொண்ட பார்வைகளும் அவர்களுக்கு நினைவில் இருந்தன. இரு சமூகத்தவரும் படுகொலைகளுக்கு உள்ளான 1990இன் ஆவணி, புரட்டாதி மாதங்களை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்கள் இரு பக்கங்களிலும் இருந்தனர். தாதிய சகோதரி பழைய வைத்தியரை அழைப்பதில் பழக்கமும் விசுவாசமும் எவ்வளவு, புதியவர் எந்த ஊரவர் என்பது எவ்வளவு என்று எவராலும் அளந்து சொல்ல முடியாது. தன்னைக் கொல்ல ஆட்கள் தேடுவதாக நம்பிய நோயாளர் ஒருவர் அந்த ஆட்களுக்கு ஒரு சமூகத்தின் பெயரைச் சொன்ன நாளில், கூட்டத்தில் எவரும் எவரையும் பார்க்கவில்லை. வைத்தியர், “இதுல இருக்கிற எல்லாருக்கும் பயந்த நாள் ஒண்டு ஞாபகத்தில இருக்கும், எனக்கும் இருக்கு” என்று மட்டும் சொன்னார். அதை விரித்துப் பேச எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. சிலர் அதைப் போதாத துணிவு என்பார்கள். என் பார்வையில், ஒரு குழுவால் எவ்வளவு தாங்க இயலும் என்று கணித்துச் செய்யப்பட்ட செயல் அது. தாதிய சகோதரி அன்று எதுவும் சொல்லவில்லை. அவர் புதன்கிழமைகளுக்குத் தொடர்ந்து வந்தார், அந்தக் கூட்டத்தால் பயன் உண்டு என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ளவுமில்லை.

அந்தப் பெண் வீடு சென்ற பின்னர் மீண்டும் காயப்படுத்திக்கொண்டு வந்தார். இம்முறை விடுதி இரண்டாகவில்லை. வந்த அன்றே அவருக்குரிய தாதி போய் இருந்து பேசினார். குறித்த நாளில் விடுவிக்கப்பட்டார். கிளினிக் நாட்களைத் தவறவிடுவது குறைந்தது. தாயின் அடுத்த பயணம் அவரை எவ்வாறு பாதிக்கும் என்ற கவலை குழுவுக்கு இருக்கிறது.

கடைசியாக, யார் கூட்டத்தில் இல்லை என்ற கேள்வி. நோயாளரோடு இரவு முழுவதும் இருப்பவர்கள் சிற்றூழியர்கள். அவர்களை எவரும் அழைத்திருக்கவில்லை, அவர்களும் வரவேண்டும் என்று எண்ணவில்லை. வைத்தியர் அவர்களை அழைத்தபோது, நீண்ட காலச் சேவையுள்ள ஒருவர் வந்து கதவோரம் நின்றார். கதிரை கொடுத்தும் இருக்கத் தயங்கினார். சில வாரங்களுக்குப் பிறகு, பேச்சு இறந்த விவசாயியைப் பற்றித் திரும்பியபோது, அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: விடுதியில் இருந்த நாட்களில் அந்த மனிதர் இரவில் அவரிடம் கடனைப் பற்றிக் கதைத்திருக்கிறார், வெட்டு முடிந்ததும் கடன்காரர் நெல்லைக் களத்திலேயே அளந்துகொண்டு போய்விடுவார்கள் என்று. “எனக்கிட்ட ஒருத்தரும் கேக்கல்ல டொக்டர்” என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். விடுவிப்புக்கு முன்னர் இரவுப் பணியிலிருந்த சிற்றூழியர் கண்டதையும் கேட்டதையும் விசாரித்து எழுத வேண்டும் என்ற வரி, பக்கங்கள் குறைக்கப்பட்ட அதே படிவத்தில் சேர்க்கப்பட்டது. அது சில வேளைகளில் இன்னும் வெறுமையாகவே விடப்படுகிறது. அவ்வாறு விடப்பட்ட படிவங்களை வைத்தியர் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்புகிறார்.